தொட்டியை உடைப்பதா, டைல்ஸை வெட்டுவதா: திருகோணமலை வீட்டுப் பாத்ரூம் வேலை

9 மார்ச் 2024, இழையைத் தொடங்கியவர்

பாலையூற்றில் எங்கள் வீட்டுப் பாத்ரூமை உடைத்துப் புதிதாகச் செய்யப்போகிறோம். ஏழடிக்கு ஐந்தடி அறை. பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்தக் காலத்தில் தொட்டி யாருக்கு வேண்டும்? உடைத்தெறிந்துவிட்டு ஷவரும் கண்ணாடியும் வைத்து, பெரிய டைல்ஸாகப் பார்த்து ஒட்டினால் வெட்டுவேலையும் இல்லை, கூலியும் மிச்சம். சின்னத் துண்டாக வெட்டி டிசைன் போடுவதெல்லாம் காசைக் கரியாக்குகிற வேலை என்பது என் எண்ணம். இதற்கு மாறாகச் சொல்ல யாருக்காவது ஏதும் உண்டா?

9 மார்ச், இரவு, பதில் எழுதுபவர் (கீழே வருவதும் இவரே)

எனக்கு நிறைய உண்டு. போன வருடம் உப்புவெளியில் அப்பாவின் வீட்டுப் பாத்ரூமைச் செய்தோம். எங்களதும் ஏழுக்கு ஐந்துதான். தொட்டியை வைத்துக்கொண்டோம், அதற்கு உள்ளும் வெளியும் டைல்ஸ். நிலம் முழுக்க வெட்டுவேலை. இரண்டிலும் போட்ட காசு வீண்போகவில்லை.

உங்கள் வீட்டில் யார் எப்படிக் குளிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அப்பாவுக்கு 78 வயது. ஷவருக்குக் கீழே நின்று நனைவதை அவர் குளிப்பென்றே ஏற்கமாட்டார். ஸ்டூலில் இருந்து, தொட்டியில் கோலித் தலையில் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றும்போது தண்ணி போகிற விதமே வேறு. ஒரு கோப்பைத் தண்ணி ஒரே வீச்சில் விழுந்து நாலு பக்கமும் சிதறும், இடுப்பளவுக்குச் சுவரில் அடிக்கும், கதவுப்படி வரைக்கும் ஓடும். கடையில் காட்டுகிற படங்கள் எல்லாம் ஒரு மூலையில் கண்ணாடிக்குள் நின்று குளிக்கிறவர்களுக்காக வரைந்தவை. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் கண்ணாடிக்கு வெளியேதான் தண்ணி நிற்கும்.

10 மார்ச்

குழாய்த்தண்ணி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். டவுனுக்குக் கந்தளாய்த் தண்ணி வருகிறது, தொட்டி எதற்கு என்று. திருத்தவேலை என்று நிற்பாட்டுகிற நாளில் விளங்கும். மேலே தாங்கி இருக்கிறதென்றால் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்பாவுக்குத் தொட்டி வேண்டியதற்குக் காரணம் அது மட்டுமில்லை. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் வாளி விட்டு மாறி மாறி ஊற்றிக் குளித்து வளர்ந்த மனிதர். ஒரு கிணற்றுச் சூடு மற்றதில் இருக்காது, அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரிய வேண்டுமென்றால் மொண்டு ஊற்ற வேண்டும் என்பார். அவருடைய வீட்டுக்கு அவருடைய பழக்கத்தைக் கேட்டுத்தானே வேலை செய்ய வேண்டும்.

13 மார்ச்

தொட்டி என்றால் நுளம்பு வருமே என்று எழுதியவருக்கு. சரியான கேள்வி, இதைத் தாண்டிப் போகவே கூடாது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடுபடுத்தியது என்று இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு டைல்ஸ் போட்ட மேசன் நானா கிண்ணியாக்காரர். தொட்டி என்று சொன்னவுடனேயே, "தங்கச்சி, தொட்டி வைக்கிறதெண்டா நுளம்பு குடியிருக்காத மாதிரி வைக்கோணும். இல்லாட்டி நான் கட்ட மாட்டன்" என்றார். அவர் போட்ட நிபந்தனையில்தான் டிசைனே தொடங்கியது.

டெங்கு நுளம்பு தண்ணிக்குள் முட்டை போடுவதில்லை. தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். தொட்டியை இறைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அந்த முட்டை காய்ந்துபோய்ச் சுவரிலேயே மாதக்கணக்கில் இருக்கும், திரும்பத் தண்ணி விட்டால் பொரிக்கும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை தொட்டியை முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சீமெந்துப் பூச்சுத் தொட்டியில் அது நடக்கிற காரியமில்லை. சொரசொரப்புக்குள் முட்டையும் பாசியும் ஒளிந்துகொள்ளும், தேய்க்கத் தேய்க்கப் பூச்சுத்தான் கரையும். தொட்டிக்கு உள்ளே டைல்ஸ் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற் காரணம் இது.

நாங்கள் செய்தது: பழைய தொட்டியை அரைவாசியாகக் குறைத்தோம். ஸ்டூலில் இருந்தபடி அப்பாவின் கை அடிவரைக்கும் எட்ட வேண்டும், அதுதான் அளவு. அடித்தளம் ஒரு மூலைக்குச் சரிவு, அந்த மூலையில் இரண்டு அங்குலக் குழாய். அடைப்பைப் பிடுங்கினால் கடைசிச் சொட்டும் தானாகவே போய்விடும், துணியால் ஒற்றி எடுக்கிற வேலை இல்லை. உள்மூலைகளைச் சாந்தால் வளைத்து, வலையில் ஒட்டிவருகிற ஒரு அங்குல மொசைக்கை அந்த வளைவில் இழுத்து ஒட்டினார் நானா. பெரிய டைல்ஸ் வளையாது. உள்ளே முழுக்க வெள்ளை. ஒரு புழு நெளிந்தாலும் கண்ணில் படும். கடலை நினைத்து உள்ளுக்கு நீலம் போட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, நானா சொன்னதைக் கேட்டதும் விட்டுவிட்டேன். மேலே கனம் குறைந்த மூடி.

21 மார்ச்

தொடங்கியவர் திரும்ப எழுதியிருக்கிறார்: தொட்டி சரி, நிலத்துக்கு எதற்கு வெட்டுவேலை என்று.

நிலத்துக் கதை சரிவில்தான் தொடங்குகிறது. பழைய பாத்ரூமில் நடுவிலே ஒரு துவாரம், நாலு பக்கமும் அதை நோக்கிச் சரிவு. இப்படிப்பட்ட நிலத்தில் பெரிய டைல்ஸ் போட்டால் ஒரே தட்டு இரண்டு சரிவில் படுக்காது. ஒரு முனை தூக்கி நிற்கும். அதைத் தவிர்க்க மூலைக்கு மூலை குறுக்கே வெட்ட வேண்டும். ஆகப் பெரிய டைல்ஸ் போட்டாலும் வெட்டுவேலை உண்டு, அதுவும் பார்க்க வடிவில்லாத வெட்டு. வெட்டத்தான் வேண்டும் என்றால் வடிவாக வெட்டுவோமே.

நாங்கள் துவாரத்தையே மாற்றினோம். கதவுக்கு எதிரே இருக்கிற ஏழடிச் சுவரின் அடியில், தொட்டி நிற்கிற இடம் போக மிச்ச நீளத்துக்கு ஒரு நீள வாய்க்கால், மேலே துருப்பிடிக்காத இரும்பு மூடி. இப்போது நிலம் முழுக்க ஒரே பக்கச் சரிவு. அறுபதுக்கு ஒன்று என்று வைத்தோம். ஐந்தடி அகலம் அறுபது அங்குலம், ஆகக் கதவடியிலிருந்து வாய்க்காலுக்கு ஒரு அங்குல இறக்கம். ஸ்டூல் ஆடாது, கால் உணராது, தண்ணி நிற்காது.

டைல்ஸ் போடுமுன் நானா செய்தது இது. தளத்துச் சாந்து இறுகிய பிறகு ஒரு வாளி தண்ணியைக் கதவடியில் மெதுவாகச் சாய்த்தார். அது அகலமாகப் படர்ந்து இறங்கி, கொமட் வைக்கிற மூலைக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் தயங்கி நின்றது. அந்த விளிம்பைக் கரித்துண்டால் வட்டம் போட்டுவிட்டு, மற்றது காயும்வரை பிளேன்ரீ குடித்தார். பிறகு அந்த வட்டத்துக்குள் மட்டும் சாந்து இழுத்தார். டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்டிருந்தால் உடைக்கத்தான் வேண்டும்.

22 மார்ச்

எங்கள் நிலத்தில் வெட்டிப் போட்ட எண்கோண டிசைன் பற்றிக் கேட்டவர்களுக்கு. டவுனில் பழைய வீட்டு விறாந்தைகளில் எண்கோணமும் நடுவில் சின்னச் சதுரமுமாக நிலம் பார்த்திருப்பீர்கள். அதே அமைப்பு. இதற்கென்று விசேஷமாக எதுவும் வாங்கவில்லை. ஒரு அடிச் சதுரத்தில் வழுக்காத டைல்ஸ், வெளிர் சாம்பல் நிறம். அதன் நாலு மூலையையும் வெட்டினோம், அவ்வளவுதான்.

கணக்கு வேண்டியவர்களுக்கு: 300 மி.மீ டைல்ஸில் ஒவ்வொரு மூலையிலும் இரு பக்கமும் 40 மி.மீ அளந்து குறுக்கே வெட்டுங்கள். நாலு டைல்ஸ் கூடுகிற இடத்தில் ஒரு சாய்சதுர இடம் வரும். தட்டுகளுக்கிடையே 2 மி.மீ இடைவெளி விட்டால் அந்த இடத்தின் பக்கம் 59 மி.மீ சொச்சம். சுற்றவரத் திரும்ப 2 மி.மீ இடைவெளி வேண்டும், ஆகச் சதுரத்துண்டு 55 மி.மீ. அதைக் கடும்நீலத்தில் வெட்டினோம். எட்டுப் பக்கமும் சமமான எண்கோணம் வேண்டும் என்றால் மூலையில் 88 மி.மீ வெட்ட வேண்டும். எங்களுக்கு நீலம் அளவுக்கு மிஞ்சும் போலிருந்தது, அதனால் 40.

அறை சரியான சதுரக்கோணத்தில் இருக்காது. பழைய வீட்டில் இருக்கவே இருக்காது. மூன்றடி, நாலடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பாருங்கள். எங்களதில் ஒரு மூலை கணிசமாக விலகியிருந்தது. டிசைனைச் சுவரோரம் வரைக்கும் கொண்டுபோனால் அந்த விலகல் பல்லைக் காட்டும். சுற்றவர வெட்டில்லாத வெற்றுக் கரை ஒன்று விட்டோம். கரை ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம், யாருக்கும் தெரியவில்லை.

22 மார்ச், பின்னேரம்

விட்டுப்போனது. முழு டிசைனையும் முதலில் விறாந்தையில் சாந்தில்லாமல் பரப்பிப் பார்த்தோம். அப்பா வந்து ஒரு வரிசையைக் காலால் தள்ளிவிட்டு, "இது ஏன் இந்தப் பக்கம் இழுக்குது?" என்றார். உண்மையாகவே இழுத்தது. மேசன், வீட்டுக்காரர், வயதானவர் மூன்று பேரின் கண்ணும் பட்ட பிறகு ஒட்டுங்கள்.

2 ஏப்ரல்

சுவர். இங்கே எல்லோரும் போடுவது ஒன்றுக்கு இரண்டடி, அதாவது 300க்கு 600 மி.மீ. ஏழடிச் சுவர் 2134 மி.மீ. ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் மூன்று முழுத்தட்டும் கடைசியில் 328 மி.மீ துண்டும். கதவைத் திறந்ததும் அந்தத் துண்டுதான் முகத்தில் அடிக்கும். நடுவிலே இரண்டு முழுத்தட்டை வைத்தால் இரு பக்கமும் 464 மி.மீ. இரண்டு முறையிலும் வரிசைக்கு நாலு தட்டுத்தான் போகிறது. ஒரு சதம் கூடச் செலவில்லாமல் சுவர் திருந்திவிடும், பென்சில் பிடித்து ஐந்து நிமிடம் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் வெட்டுவேலை, டிசைன் என்கிறேன். வேலை என்றால் ஏதோ பூவும் மயிலும் அச்சடித்த டைல்ஸ் வாங்குவது என்று தொடங்கியவர் நினைக்கிறார் போலிருக்கிறது.

கீழ்வரிசையைக் கடைசிக்கு விடுங்கள். நிலம் சரிவு, சுவர் வரிசை மட்டம். இரண்டாவது வரிசைக்கு ஒரு நேர்ப்பலகையை மட்டம் பார்த்து ஆணியடித்து, அதன்மேல் தொடங்கி மேலே போக வேண்டும். நிலம் முடிந்த பிறகு பலகையைக் கழற்றி, கீழ்வரிசையைச் சரிவுக்கேற்ப வெட்டி இறக்கலாம்.

16 ஏப்ரல்

புத்தாண்டுக்கு மேசன்மார் லீவு, இழையும் தூங்கிவிட்டது. இடையில் சாம்பல்தீவிலிருந்து ஒருவர் கேட்டது முக்கியமானது: சுவர் டைல்ஸ் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது, துடைத்தாலும் திரும்ப வருகிறது.

உப்பு. மணலிலோ, கலக்கிய தண்ணியிலோ, பழைய சுவரிலோ இருந்திருக்கும். ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து, காய்கிற இடத்தில் விட்டுப்போகிறது. கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணியை வாயில் விட்டுப் பாருங்கள், கரித்தால் சாந்துக்கு வேண்டாம், குழாய்த்தண்ணி பிடியுங்கள். மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும், கடற்கரையில் அள்ளியது கூடவே கூடாது. அதிலிருக்கிற உப்பு கொங்கிறீட்டுக்குள் கம்பியையும் தின்றுவிடும்.

சுவர் ஏற்கெனவே உப்புக் குடித்திருந்தால் பழைய பூச்சைக் கல்லுத் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட வேண்டும். அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டினால் உப்பு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

5 மே

தண்ணிக்காப்புப் பூச்சு பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். டைல்ஸும் அதன் இடைவெளிச் சாந்தும் தண்ணியை முழுக்கத் தடுக்காது. தடுப்பது அடியில் பூசுகிற இரண்டு பூச்சு. தூளும் பாலுமாக வருகிற இரட்டைக் கலவை. முதற்பூச்சு ஒரு திசை, அது காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்குத் திசை. நிலமும் சுவரும் சந்திக்கிற மூலையிலும், குழாய் வெளியே வருகிற இடத்திலும் ஃபைபர் வலை வைத்துப் பூச வேண்டும். சுவரில் பொதுவாக ஒரு அடி உயரம், கோலிக் குளிக்கிற பக்கம் ஆளுயரம்.

பிறகு வாய்க்காலை அடைத்து, கதவடியில் சாந்து வரம்பு கட்டி, தண்ணி நிரப்பி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ஆகக் குறைந்தது 24 மணித்தியாலம் விட வேண்டும். தொட்டியையும் அப்படியே. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் டைல்ஸ் பெட்டியைத் திறக்க விடாதீர்கள். வெய்யிலில் கொஞ்சம் ஆவியாகும், அதை மனதில் வையுங்கள். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணி வைத்து அதன் இறக்கத்தோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

9 ஜூன்

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. இங்கே இந்த வேலைக்கு நல்ல காலம் இதுதான், மாரி வருமுன் எல்லாம் காய்ந்து முடிந்துவிடும். ஆனால் கச்சான் காற்று சாந்தைச் சும்மா விடாது. பூசிய அடுத்த நாளே வெடிப்பு விழும். ஈரச்சாக்குப் போட்டு, காலையும் மாலையும் தண்ணி தெளியுங்கள். யன்னலை மறைத்துவிடுங்கள்.

டைல்ஸ் பசையும் அப்படித்தான். பூசி இருபது நிமிடத்துக்குள் தட்டை வைக்கலாம் என்று பையில் எழுதியிருக்கும், அது ஆறிய அறைக்கு எழுதியது. விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாவிட்டால் மேலே ஆடை பிடித்துவிட்டது, சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

ஒரு தட்டை ஒட்டி அழுத்திய பிறகு உடனேயே கழற்றித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நானா தானாகவே செய்தார். தட்டின் முதுகில் பசை மூலைவரைக்கும் ஏறியிருந்தது, ஒரு மூலையில் மட்டும் நகமளவு வெறும் சிவப்பு மண் தெரிந்தது. அதற்கும் கரண்டி நுனியால் தடவித் திரும்ப ஒட்டினார். ஐந்து இடத்தில் உருண்டை வைத்து அப்புகிற மேசன்மாரும் இருக்கிறார்கள், வேலை கெதியாக முடியும். இடையில் விடுபட்ட வெறும் இடத்தில் தண்ணி தேங்கும், தட்டினால் பானைச் சத்தம் கேட்கும், ஒரு பாரம் விழுந்தால் வெடிக்கும். ஈரமான இடத்தில் முதுகில் 95 வீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும் என்பது கணக்கு.

தண்ணியில் ஊறவைப்பதா என்று கேட்டவருக்கு: வெறும் சீமெந்துச் சாந்தில் ஒட்டுகிற சுவர் டைல்ஸை ஊறவைக்க வேண்டும். பசையில் ஒட்டுவதை ஊறவைக்கக் கூடாது. இரண்டையும் குழப்புவதால்தான் பாதி டைல்ஸ் கழன்று விழுகிறது.

11 ஜூன்

ஒரு திருத்தம். "வழுக்காத டைல்ஸ்" என்று மேலே பொதுவாக எழுதியிருந்தேன். பெட்டியில் ஆர் 10, ஆர் 11 என்று வழுக்காத தன்மைக்கான வகுப்பு இருப்பதைப் பார்த்து வாங்கலாமா என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் அது சப்பாத்துக் காலுக்கான சோதனை என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகுப்பு உண்டு. குளிக்கிற இடத்துக்கு பி. கடையில் கேட்டால் விழிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். அதைவிட ஒரு தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, சவர்க்காரத் தண்ணி ஊற்றி, வெறுங்காலை வைத்துப் பாருங்கள். வெட்டுவேலையில் இன்னொரு இலாபமும் உண்டு: தட்டுச் சிறிதாகச் சிறிதாக இடைவெளிக் கோடு கூடும், கால் அதில் பிடிக்கும்.

30 ஜூன்

விலை. நான் எங்கள் தொகையை எழுதவில்லை, 2023 விலை இப்போது உதவாது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரியே 18 வீதம். கூலி பேசும் முறையை மட்டும் சொல்கிறேன். சாதாரண ஒட்டுவேலை சதுர அடிக்கு. வெட்டுவேலையையும் அப்படிப் பேசினால் மேசன் அவசரப்படுவார், ஏனென்றால் நாள் முழுக்கக் கிரைண்டரோடு இருந்தாலும் சதுர அடி ஏறாது. நிலத்துக்கும் தொட்டிக்கும் நாட்கூலி, சுவருக்குச் சதுர அடி என்று பிரித்துப் பேசினோம். அவருக்கும் நெஞ்சில் பாரமில்லை, எங்களுக்கும் இல்லை.

பெட்டிகளில் நிற இலக்கமும் அளவு இலக்கமும் அச்சிட்டிருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதானா என்று லொறியில் ஏற்றுமுன் பாருங்கள். எங்களுக்கு டவுன் கடையொன்று இரண்டு இலக்கத்தைக் கலந்து அனுப்பியது. கடைக்குள் வித்தியாசம் தெரியாது, பகல் வெளிச்சத்தில் ஒன்று மஞ்சள் அடித்தது. மாற்றித் தரமாட்டோம் என்றார்கள். மஞ்சள் அடித்ததைக் கதவுக்குப் பின்சுவரில் தனியாகப் போட்டு முடித்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பத்து வீதம் கூடுதலாக வாங்குங்கள், வெட்டுவேலைக்கு இன்னும் கொஞ்சம். அதே இலக்கத்தில் சில தட்டுகளை எடுத்துப் பரணில் வையுங்கள்.

18 ஓகஸ்ட்

தொடங்கியவர் தனது பாத்ரூமை உடைக்கத் தொடங்கிவிட்டார். தொட்டி நிற்கிறது என்று எழுதியிருக்கிறார், மாமியார் இருக்கிறார் என்பதை இப்போதுதான் சொல்கிறார்! மாமியார் இருக்கிற வீட்டில் கைப்பிடியை மறக்க வேண்டாம்.

சுவர் சீமெந்துக்கல் என்றால் கல்லுக்குள் வெற்றிடம் இருக்கும். டைல்ஸ் ஒட்டிய பிறகு துளைத்துக் கைப்பிடி மாட்டினால் கொஞ்ச நாள் நிற்கும், ஒருநாள் முழுப்பாரமும் விழும்போது டைல்ஸோடு சேர்ந்து வரும். கைப்பிடி வருகிற இடத்துக் கல்லைத் திறந்து கொங்கிறீட் நிரப்பி இறுகவிட்ட பிறகு பூசுங்கள். எந்த இடம் என்று அளந்து படமெடுத்து வையுங்கள், டைல்ஸுக்குப் பின்னால் பிறகு தெரியாது. உயரம் நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குலம். கொமட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, தொட்டிப் பக்கம் ஒன்று. அப்பா தொட்டி விளிம்பைப் பிடித்துத்தான் எழும்புவார், அதனால் விளிம்பையும் உருட்டி முடித்தோம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஆள் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் யாராலும் திறக்க முடியாது.

நிலமும் சுவரும் ஒரே நிறத்தில் வேண்டாம். வயதானவர்களின் கண்ணுக்கு நிலம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். எங்கள் நிலத்துக் கரை கடும் சாம்பல், சுவர் வெள்ளை.

கடற்கரைக்கு அண்மையில் இருக்கிறவர்கள் கைப்பிடி, வாய்க்கால் மூடி வாங்கும்போது துருப்பிடிக்காத இரும்பில் 304 வகையா 316 வகையா என்று கேளுங்கள். 316இல் மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருக்கிறது, உப்புக்காற்றைத் தாங்கும். விலை கூடத்தான்.

20 ஓகஸ்ட்

எப்பொக்சி கிரவுட் பற்றி. கிரவுட் என்பது டைல்ஸ் இடைவெளியை நிரப்புகிற சாந்து, எப்பொக்சி என்பது அதில் பிசினால் ஆன வகை. எல்லா இடத்துக்கும் எப்பொக்சி போடுங்கள் என்று வேறொரு இழையில் எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவ்வளவு தேவையில்லை. தொட்டிக்கும் நிலத்துக்கும் எப்பொக்சி, மேற்சுவருக்குச் சீமெந்துக் கிரவுட் போதும். எப்பொக்சி நமது சூட்டில் கெதியாக இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, விடியக்காலையில் போட வேண்டும். டைல்ஸின் முகத்தில் ஒட்டியதை உடனே துடைக்காவிட்டால் பிறகு சுரண்டவும் முடியாது. வெள்ளைச் சீமெந்தைக் குழைத்து அப்புகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஒரு மாரி தாங்காது.

சுவரும் சுவரும் சேரும் மூலையிலும், சுவரும் நிலமும் சேரும் இடத்திலும் கிரவுட் வேண்டாம், சிலிக்கன் போடுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக அசைகிறவை, கிரவுட் அங்கே வெடிக்கும்.

வேலை முடிந்த அன்று மேசனின் கையாள் அசிட் போத்தலோடு வருவார். டைல்ஸில் படிந்த சீமெந்தைக் கழுவ அது இலேசான வழி. சீமெந்துக் கிரவுட்டை அது தின்றுவிடும், குழாயின் பளபளப்பையும் எடுத்துவிடும். ஈரப் பஞ்சால் அன்றன்றைக்கே துடைத்திருந்தால் அசிட்டுக்கு வேலையே இல்லை.

24 நவம்பர்

மாரி இறங்கிவிட்டது. தொடங்கியவர் வேலை முடிந்து படம் போட்டிருக்கிறார். வாய்க்கால் வைத்திருக்கிறார், நிலத்தில் எண்கோணம், நடுவில் செங்கல் நிறம். எங்களதை விட வடிவு. கூலி எவ்வளவு கூடியது என்று அவரே எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி: பாவிக்காத விருந்தினர் பாத்ரூமிலிருந்து நாற்றமும் கரப்பானும் வருகிறது, டைல்ஸ் வேலையில் ஏதும் பிழையா என்று. இல்லை. துவாரத்துக்குக் கீழே இருக்கிற வளைவில் இரண்டு அங்குல அளவு தண்ணி எப்போதும் நிற்க வேண்டும், அதுதான் காற்றை அடைக்கிறது. பாவிக்காவிட்டால் காய்ந்துவிடும். கிழமைக்கு ஒரு வாளி ஊற்றுங்கள், தொட்டி கழுவுகிற நாளிலேயே அதையும் செய்தால் மறக்காது. அதற்குப் பிறகும் நாற்றம் வந்தால் வளைவே வைக்காமல் குழாயை நேரே இறக்கியிருக்கிறார்கள். அப்போது அந்த மூலையை மட்டும் உடைக்க வேண்டிவரும், பரணில் வைத்த தட்டுகளை எடுங்கள்.